ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்: லினக்ஸில் ஜேவிஎம் கோளாறுகளை ஆராயும் கருவிகள், ஓர் ஒப்பீடு

லினக்ஸ் சர்வரில் ஓடும் ஒரு ஜாவா பயன்பாடு பதில் தருவதை நிறுத்திவிட்டால், அதை ரீஸ்டார்ட் செய்துவிடலாமா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் சேவை மீண்டுவிடும். ஆனால் கோளாறுக்கான சான்றுகள் அந்த ப்ராசஸின் நினைவகத்திலேயே இருப்பதால், அது நின்றவுடன் அவையும் அழிந்துபோகின்றன. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்போது நம் கையில் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே, கிடைக்கும் ஓரிரு நிமிடங்களில் எந்தக் கருவியைக் கொண்டு எதை எடுத்து வைப்பது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஜாவா நிரலை இயக்கும் மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம்முக்கு, குறிப்பாக ஓப்பன்ஜேடிகே (ஜாவாவின் திறந்த மூலத் தொகுப்பு) தரும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்முக்குக் கருவிப் பஞ்சம் எதுவும் இல்லை. அவற்றுள் தேர்வு செய்ய மூன்று கேள்விகள் போதும் என்பது என் கருத்து: கருவி ஓடும் ப்ராசஸை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறது, அது வேலை செய்ய முன்கூட்டியே எதையாவது அமைத்திருக்க வேண்டுமா, அது தரும் விடை நாம் கேட்ட கேள்விக்குரியதுதானா. மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்காமல் விடுகிறார்கள். எந்தக் கோளாறு வந்தாலும் ஹீப் டம்ப் (ஜாவா பொருள்கள் வாழும் ஹீப் நினைவகத்தின் நகல்) எடுக்கும் வழக்கம் பல குழுக்களில் வேரூன்றியிருக்கிறது. ஆனால் இருக்கும் கருவிகளிலேயே விலை மிகுந்தவற்றுள் அதுவும் ஒன்று, அதிலும் பல கோளாறுகளுக்கு அதனிடம் விடை கிடையாது.

பயன்பாடு உறைந்து நிற்கும் நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்குரிய சான்று த்ரெட் டம்ப், அதாவது ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்ற பட்டியல். அதை எடுக்க ஜேஸ்டேக், ஜேசிஎம்டி, கில் -3, ஜேஎச்எஸ்டிபி என நான்கு வழிகள் உள்ளன. முதல் இரண்டும் ஒரே கதவின் வழியாகத்தான் உள்ளே நுழைகின்றன. கருவி முதலில் ஒரு சிறிய அடையாளக் கோப்பை உருவாக்கிவிட்டு, இலக்கு ப்ராசஸுக்கு சிக்குவிட் சிக்னலை அனுப்புகிறது. அந்தக் கோப்பைக் கண்ட ஜேவிஎம், டெம்ப் டைரக்டரியில் ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டைத் திறந்து கட்டளைக்காகக் காத்திருக்கிறது. அதன் பிறகே உரையாடல் தொடங்குகிறது. இந்த ஏற்பாட்டை அறிந்திருந்தால், ‘சாக்கெட் கோப்பைத் திறக்க இயலவில்லை, இலக்கு ப்ராசஸ் பதில் தரவில்லை’ என்ற பிழைச் செய்தி வரும்போது ஜேவிஎம் செத்துவிட்டது என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரமாட்டோம். கட்டளையை வேறு யூசர் பெயரில் இயக்கியிருக்கலாம். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அந்தச் சேவைக்கு மட்டும் தனி டெம்ப் டைரக்டரியை ஒதுக்கியிருக்கலாம். பழைய பதிப்புகளில், டெம்ப் டைரக்டரியைத் தானாகச் சுத்தம் செய்யும் வேலை அந்த சாக்கெட்டை அழித்திருக்கலாம். மூன்றிலும் ஜேவிஎம் நலமாகத்தான் இருக்கிறது.

கில் -3 இந்தச் சடங்குகள் எதையும் கோருவதில்லை. அதே சிக்குவிட் சிக்னல் அடையாளக் கோப்பு இல்லாமல் சென்றதும் ஜேவிஎம் தன் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டிலேயே டம்ப்பை எழுதிவிடுகிறது. ஜேடிகே கருவிகள் நீக்கப்பட்ட மெலிந்த கன்டெய்னர் இமேஜுக்குள்ளும் இது வேலை செய்யும் என்பதால், முதலில் இதையே முயல வேண்டும் என்பேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. ஸ்டாண்டர்ட் அவுட்புட் டெவ் நல்லுக்குத் திருப்பப்பட்டிருந்தால் டம்ப் காற்றில் போய்விடும். சிக்னல்களைத் தொடாதே என்று சொல்லும் எக்ஸ்ஆர்எஸ் விருப்பத்தோடு ஜேவிஎம் தொடங்கப்பட்டிருந்தால், இதே கட்டளை ப்ராசஸையே முடித்துவிடும். ஆகவே கட்டளை வரியை ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது. ஜாவா 21-இல் வந்த விர்ச்சுவல் த்ரெட்டுகளைப் (ஜேவிஎம்மே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்டுகள்) பயன்படுத்தும் பயன்பாடுகளில் நிலைமை வேறு. வழக்கமான டம்ப் அவற்றைப் பட்டியலிடாது என்பதால், டம்ப்பைக் கோப்பில் எழுதச் சொல்லும் ஜேசிஎம்டியின் தனிக் கட்டளையைத்தான் நாட வேண்டும்.

இம்மூன்று வழிகளுக்கும் ஜேவிஎம்மின் ஒத்துழைப்பு தேவை. எல்லா த்ரெட்டுகளும் சேஃப்பாயின்ட்டுக்கு (ஜேவிஎம் அவற்றைப் பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடத்துக்கு) வந்து சேர்ந்தால்தான் டம்ப் பிறக்கும். ஜேவிஎம்மே சிக்கிக்கொண்டு எதற்கும் பதில் தராதபோது எஞ்சியிருப்பது ஜேஎச்எஸ்டிபி. அது பிட்ரேஸ் (ஒரு ப்ராசஸை வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் லினக்ஸ் வசதி) வழியாக வெளியிலிருந்து நினைவகத்தைப் படிக்கிறது. படித்து முடிக்கும் வரை ப்ராசஸ் முற்றாக நிறுத்தப்பட்டிருக்கும். ஜேடிகே பதிப்பும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். இந்த நிலைக்கு வந்துவிட்டால், ஜிடிபி டீபக்கரோடு வரும் ஜிகோர் கட்டளையால் ஒரு கோர் கோப்பை (ப்ராசஸ் நினைவகத்தின் நகலை) எடுத்துவிட்டு ப்ராசஸை ரீஸ்டார்ட் செய்துவிடுவதே மேல். அந்தக் கோப்பிலிருந்து த்ரெட் டம்ப்பையும் ஹீப் டம்ப்பையும் பிறகு ஆற அமரப் பிரித்தெடுக்க ஜேஎச்எஸ்டிபி உதவும். அதற்கு அதே ஜாவா பைனரி பத்திரமாக இருக்க வேண்டும்.

டம்ப்பை ஒன்றோடு நிறுத்தாமல், சில விநாடி இடைவெளியில் குறைந்தது மூன்று எடுக்க வேண்டும். படிக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம், ரன்னபிள் என்ற நிலை. அப்படிக் குறிக்கப்பட்ட த்ரெட் சிபியுவைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. சாக்கெட்டிலிருந்து படிக்கும் நேட்டிவ் (ஜாவாவுக்கு வெளியே உள்ள) அழைப்பில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் த்ரெட்டையும் ஜேவிஎம் ரன்னபிள் என்றே காட்டும். நூற்றுக்கணக்கான த்ரெட்டுகள் ஒரே முகவரியுள்ள பூட்டுக்காகக் காத்திருந்தால், அதே முகவரியைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லும் ஒற்றை த்ரெட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அது ஒரு டேட்டாபேஸ் விடைக்காகக் காத்திருப்பது தெரிந்தால், வினாவை ஜேவிஎம்மிலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றிவிடலாம். இந்த அளவு விடையைச் சில விநாடிச் செலவில் தரக்கூடிய கருவி வேறு எதுவும் இல்லை.

சிபியு உச்சத்தில் நிற்கும் கோளாறுக்குத் தேர்வு சற்று விரிவானது. எதையும் நிறுவாமல் தொடங்கலாம்: டாப் கட்டளையை எச் விருப்பத்தோடு இயக்கினால் த்ரெட் வாரியாகச் சிபியு பயன்பாடு தெரியும். அங்கே தெரியும் எண்ணைப் பதினாறடிமானத்துக்கு மாற்றி, த்ரெட் டம்ப்பின் என்ஐடி (இயங்குதளம் தரும் த்ரெட் எண்) புலத்தில் தேடுவது நெடுநாளைய முறை. ஜாவா 21-இல் அந்தப் புலம் பதின்ம எண்ணாகவே வருவதால் மாற்றும் வேலையும் இல்லை. ஜாவா 11 முதல் ஒவ்வொரு த்ரெட்டும் அதுவரை செலவழித்த சிபியு நேரம் டம்ப்பிலேயே அச்சாகிறது. பத்து விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு டம்ப்புகளின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் குற்றவாளி யார் என்பது டாப் இல்லாமலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கிளைவழி இருக்கிறது. டாப் பட்டியலின் உச்சியில் நிற்பவை பயன்பாட்டின் த்ரெட்டுகளா, ஜிசி (பயனற்ற பொருள்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர்) த்ரெட்டுகளா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஜிசி த்ரெட்டுகள் என்றால், நோய் ஹீப்பில் இருக்கிறது, சிபியு வெறும் அறிகுறிதான். ப்ரொஃபைலரை (நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் கருவியை) எடுத்து உட்காருவது வீண் வேலை. ஜாவா நிரலை ஓடும்போதே இயந்திர நிரலாக மாற்றும் ஜிட்டின் சி2 கம்பைலர் த்ரெட் என்றால், ஜேவிஎம் இப்போதுதான் தொடங்கியதா என்று பார்த்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பயன்பாட்டின் த்ரெட்டுகள்தான் என்று உறுதியான பிறகு, ஜேஎஃப்ஆர் (ஜேவிஎம்முக்குள்ளேயே இருக்கும் ஃபிளைட் ரெக்கார்டர்), அசிங்க் ப்ரொஃபைலர் (தனியாக நிறுவும் கருவி), பெர்ஃப் (லினக்ஸின் அளவீட்டுக் கருவி) ஆகிய மூன்றுக்கும் இடையே தேர்வு. ஜேஎஃப்ஆர் ஒரு காலத்தில் ஆரக்கிளின் வணிகச் சரக்காக இருந்தது. ஜேடிகே 11-இல் திறந்த மூலமாகி, பின்னர் ஜாவா 8-இன் 262-ஆம் புதுப்பிப்புக்கும் வந்து சேர்ந்தது. ஓடும் ப்ராசஸில் ஜேசிஎம்டியால் தொடங்கி நிறுத்தலாம், கெர்னல் அனுமதி எதுவும் வேண்டாம், இயல்பு அமைப்பில் அதன் சுமை சுமார் ஒரு சதவீதம்தான். பூட்டுக் காத்திருப்பு, ஜிசி, கோப்பு மற்றும் சாக்கெட் செயல்பாடுகள் எல்லாம் ஒரே பதிவில் கிடைப்பதால், கோளாறு எந்த வகை என்றே தெரியாத நிலையில் இதை மிஞ்ச வேறொன்று இல்லை. குறை என்னவென்றால், அதன் வழக்கமான மாதிரியெடுப்பு ஜாவா நிரலையே மையமாகக் கொண்டது. ஜிசிக்குள்ளோ கெர்னலுக்குள்ளோ செலவாகும் நேரம் அதில் சரியாகப் புலப்படாது. லினக்ஸுக்கு மட்டுமான சிபியு நேர மாதிரியெடுப்பு ஜேடிகே 25-இல் பரிசோதனை நிலையில் வந்திருக்கிறது.

அசிங்க் ப்ரொஃபைலர் அந்தக் குறையை நிவர்த்தி செய்கிறது. ஜாவா, நேட்டிவ், கெர்னல் ஆகிய மூன்று அடுக்குகளின் அழைப்புகளையும் ஒரே ஃப்ளேம் கிராஃபில் (செலவான பங்கை அகலமாகக் காட்டும் வரைபடத்தில்) அடுக்கிக் காட்டுகிறது. சேஃப்பாயின்ட்டில் மட்டும் மாதிரி எடுக்கும் பழைய ப்ரொஃபைலர்களின் சாய்வும் இதில் கிடையாது. ஆனால் கெர்னலின் பெர்ஃப் நிகழ்வுகளைப் படிக்க, பெர்ஃப் இவென்ட் பாரனாய்டு என்ற கெர்னல் அமைப்பைத் தளர்த்த வேண்டும். கன்டெய்னர்களில் செக்காம்ப் வடிகட்டி அதற்கான சிஸ்டம் காலையே (கெர்னலுக்கான அழைப்பையே) தடுத்துவிடுவது வழக்கம். அப்போது டைமர் அடிப்படையிலான முறைக்கு மாறிக்கொள்ளலாம், கெர்னல் அடுக்கு மட்டும் தெரியாது. பெர்ஃப் கருவியோ ஜிட் உருவாக்கிய நிரலின் பெயர்களை அறியாது. ஜேடிகே 17 முதல் ஜேசிஎம்டியே அந்தப் பெயர்ப் பட்டியலை எழுதித் தருகிறது என்றாலும், முழு சர்வரையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவை இருந்தாலொழிய பெர்ஃபை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் வரிசை எளிது: முதலில் ஜேஎஃப்ஆர், அது காட்டும் கணக்குக்கும் டாப் காட்டும் கணக்குக்கும் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் அசிங்க் ப்ரொஃபைலர்.

நினைவகத்துக்கு வருவோம். அவுட் ஆஃப் மெமரி எரர் என்ற ஒரே பெயரில் பல வேறு நோய்கள் வருகின்றன. பெயருக்குப் பின்னால் உள்ள சொற்களைப் படிக்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது குருட்டாட்டம். புதிய நேட்டிவ் த்ரெட்டை உருவாக்க முடியவில்லை என்று செய்தி சொன்னால், ஹீப்பைக் கூட்டுவது நிலைமையை மேலும் கெடுக்கவே செய்யும். அது யூலிமிட் (யூசருக்கான வள வரம்பு), சிஸ்டம்டியின் டாஸ்க் வரம்பு, கன்டெய்னரின் பிஐடி வரம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று தீர்ந்துபோனதைக் காட்டுகிறது, அல்லது பயன்பாடு த்ரெட்டுகளைக் கட்டுப்பாடின்றி உருவாக்கிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது. மெட்டாஸ்பேஸ் (கிளாஸ்களின் விவரங்கள் சேரும் பகுதி) என்றால் கிளாஸ் லோடர் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். ஜாவா ஹீப் ஸ்பேஸ் என்று வந்தால்தான் ஹீப் டம்ப் பற்றிய பேச்சே எழுகிறது.

அப்போதும் முதல் அடி கிளாஸ் ஹிஸ்டோகிராமாக இருக்கட்டும். எந்த வகைப் பொருள் எத்தனை இருக்கிறது, எத்தனை பைட் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் அது. கோப்பாக எதையும் எழுதிக் குவிக்காது. ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஜேசிஎம்டியின் ஹிஸ்டோகிராம் கட்டளை, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், உயிருள்ள பொருள்களை மட்டும் எண்ணுவதற்காக முதலில் ஒரு முழு ஜிசியைத் தூண்டுகிறது. ஜேடிகேயின் இன்னொரு கருவியான ஜேமேப்பின் ஹிஸ்டோ விருப்பம், லைவ் என்று சேர்க்காவிட்டால், அப்படிச் செய்வதில்லை. ஏற்கெனவே மூச்சுத்திணறும் ஜேவிஎம்மில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரு ஹிஸ்டோகிராம்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் நிரலுக்கே உரிய ஒரு கிளாஸின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போவது பல கசிவுகளில் கண்கூடாகத் தெரியும். மேலே நிற்பது பைட் வரிசையும் ஸ்டிரிங்கும் மட்டும் என்றால், அவற்றைப் பிடித்து வைத்திருப்பது யார் என்ற கேள்விக்கு ஹிஸ்டோகிராமால் விடை சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான் ஹீப் டம்ப்புக்கு நியாயம் பிறக்கிறது.

ஹீப் டம்ப் எடுக்கும்போது பயன்பாடு முழுவதும் நிற்கிறது. கோப்பு ஏறத்தாழ ஹீப்பில் பயன்பாட்டில் உள்ள அளவுக்கு வரும். பல ஜிபி ஹீப்பில் இந்த நிறுத்தம் ஹெல்த் செக்கின் பொறுமையை மீறிவிடுவதால், டம்ப் பாதியில் இருக்கும்போதே ஆர்க்கெஸ்ட்ரேட்டர் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) கன்டெய்னரைக் கொன்றுவிட்டு, அரைகுறைக் கோப்பையும் சேர்த்து அழித்துவிடும். எனவே முதலில் அந்த இன்ஸ்டன்ஸை லோட் பேலன்சரிலிருந்து விலக்கி, ஹெல்த் செக்கைத் தளர்த்தி, வெளியே நிலைத்திருக்கும் வட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஜேடிகே 15 முதல் ஜேசிஎம்டியில் சுருக்கி எழுதும் விருப்பமும் உண்டு. அந்தக் கோப்பில் பயனர்களின் தகவல்களும் கடவுச்சொற்களும் வெற்று எழுத்தில் கிடக்கும் என்பதை மறந்து, அதை ஒப்பந்ததாரருக்கு மின்னஞ்சலில் அனுப்பும் வழக்கம் எனக்கு எப்போதும் திகைப்பைத் தருகிறது. ஜேஎஃப்ஆரின் பழைய பொருள் மாதிரி, நீண்ட நாள் உயிரோடு இருக்கும் சில பொருள்களையும் அவற்றை வேர்களோடு (ஜிசி தன் தேடலைத் தொடங்கும் இடங்களோடு) இணைக்கும் பாதையையும் மட்டும் பதிவு செய்கிறது. முழுப் படம் கிடைக்காது என்றாலும், மெதுவாகக் கசியும் பயன்பாடுகளுக்கு ஹீப் டம்ப்பை விட இது ஏற்றது.

ஹீப்புக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் ப்ராசஸ் தடமின்றி மறைவது வேறு கதை. ஜாவா லாகில் ஒரு வரி கூட இராது. ஹீப் டம்ப் விருப்பத்தை முன்பே அமைத்திருந்தாலும் கோப்பு உருவாகியிராது. காரணம் எளிது: கெர்னலின் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் பகுதி) அனுப்பும் சிக்கில் சிக்னலை எந்த ப்ராசஸாலும் பிடிக்க முடியாது. கன்டெய்னர் 137 என்ற எக்சிட் கோடோடு முடிந்திருந்தால், அது 128-ஓடு 9-ஐக் கூட்டியது, அதாவது சிக்கில். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டைப் பார்த்து ஓஓஎம் கில்லர்தானா என்று உறுதி செய்துகொள்ளலாம். அங்கே ஹீப்பின் உச்ச அளவையும் கன்டெய்னரின் வரம்பையும் ஒன்றாக வைத்திருப்பதே பல இடங்களில் கோளாறாக இருக்கிறது. ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ், ஜிட் நிரல், ஜிசியின் கணக்குப் புத்தகங்கள், டைரக்ட் பஃபர்கள், 64 பிட் லினக்ஸில் த்ரெட் ஒன்றுக்கு இயல்பாக 1 எம்பி வரை ஒதுக்கப்படும் ஸ்டேக் என எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும்.

இந்த வெளி நினைவகத்தைப் பிரித்துக் காட்டுவது என்எம்டி, அதாவது ஜேவிஎம்மின் நேட்டிவ் மெமரி ட்ராக்கிங் வசதி. ஒரு பேஸ்லைனைக் குறித்து வைத்துக்கொண்டு பின்னர் வித்தியாசத்தைக் கேட்டால், எந்தப் பகுதி வளர்ந்தது என்று சொல்லிவிடும். ஆனால் அதை ஜேவிஎம் தொடங்கும்போதே இயக்கியிருக்க வேண்டும். ஓடும்போது இயக்க வழியில்லை. சுமை 5 முதல் 10 சதவீதம் என்று ஆரக்கிள் ஆவணம் சொல்கிறது. என்எம்டியின் மொத்தக் கணக்கை விட ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் ரேம் அளவு) வெகுவாக மிகுந்திருந்தால், ஜேவிஎம்முக்குத் தெரியாமல் ஒதுக்கப்பட்ட நினைவகம் இருக்கிறது என்று பொருள். ஜேஎன்ஐ (ஜாவாவிலிருந்து நேட்டிவ் நிரலை அழைக்கும் வழி) வழியாக வரும் வெளி நூலகம் ஒரு வாய்ப்பு. இன்னொன்று சி நூலகமான ஜிலிப்சியின் மேலாக் அரீனாக்கள் (அது நினைவகத்தை ஒதுக்கித் தரும் பகுதிகள்): 64 பிட் முறைமையில் கோர் ஒன்றுக்கு எட்டு வரை உருவாகலாம் என்பதால், ப்ராசஸின் நினைவகப் பகுதிகளைக் காட்டும் பிமேப் பட்டியலில் 64 எம்பி அளவுள்ள பகுதிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அரீனா எண்ணிக்கையைச் சூழல் மாறியால் இரண்டாகக் கட்டுப்படுத்திப் பார்ப்பது மலிவான சோதனை. ஆகவே பிமேப்பும் என்எம்டியும் போட்டியாளர்கள் அல்ல, முன்னதன் கணக்கிலிருந்து பின்னதன் கணக்கைக் கழித்தால்தான் விடை வருகிறது.

இடையிடையே சில விநாடி நின்று நின்று ஓடும் பயன்பாட்டுக்கு ஜிசி லாகே போதும். ஜேடிகே 9-இல் வந்த ஒருங்கிணைந்த லாக் முறையை ஜேசிஎம்டியால் ஓடும்போதே இயக்க முடிகிறது. அதில் யூசர் (நிரல் செலவழித்த சிபியு நேரம்), சிஸ் (கெர்னல் செலவழித்தது), ரியல் (கடிகார நேரம்) என்ற மூன்று நேரங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரியல் நேரம் பல விநாடியாகவும் யூசர் நேரம் மிகக் குறைவாகவும் இருந்தால், ஜிசி உழைக்கவில்லை, எதற்கோ காத்திருந்திருக்கிறது. ஸ்வாப், வட்டு நெரிசல், சிபியு வரம்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். ஹீப் அளவை மாற்றிப் பார்ப்பதால் அங்கே பயன் இல்லை.

ஜேவிஎம்மே க்ராஷ் ஆனால், ஒர்க்கிங் டைரக்டரியில் எச்எஸ் எர்ர் என்று தொடங்கும் கோப்பு இருக்கும். சிக்கலான ஃபிரேம் (க்ராஷ் நடந்த அழைப்பு) எது என்ற வரியில் வெளி நூலகத்தின் பெயர் இருந்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. ஜேவிஎம்மின் சொந்த நூலகம் என்றால் மட்டும் கோர் கோப்பு தேவைப்படும். சிஸ்டம் கால்களைப் பதிவு செய்யும் எஸ்ட்ரேஸை ஓடும் ஜேவிஎம்மில் கோர்ப்பதை நான் தவிர்க்கிறேன். அது ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் ப்ராசஸை நிறுத்துவதால் கோளாறின் உருவமே மாறிவிடுகிறது. கிடைப்பதும் ஃபியூடெக்ஸ் (பூட்டுக் காத்திருப்புக்கான சிஸ்டம் கால்) வரிகளின் மலைதான். தவிரவும், நல் (வெற்றுக் குறிப்பு) சோதனைக்கும் சேஃப்பாயின்ட்டுக்கும், தவறான நினைவக அணுகலைக் குறிக்கும் சிக்செக்வி சிக்னலை ஹாட்ஸ்பாட் உள்ளுக்குள் வழக்கமாகவே பயன்படுத்துவதால், அதை முதன்முதலாகக் காண்பவர்கள் இல்லாத க்ராஷைத் தேடி அலைவார்கள்.

இவற்றுள் எவற்றை முன்கூட்டியே இயக்கி வைப்பது என்பது மீதமிருக்கும் முடிவு. சுழற்சியோடு கூடிய ஜிசி லாக், நினைவகம் தீரும்போது ஹீப் டம்ப் எடுக்கும் விருப்பம், அந்த டம்ப்பும் எச்எஸ் எர்ர் கோப்பும் எழுதப்பட வேண்டிய நிலையான பாதை, கடைசிச் சில மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் தொடர் ஜேஎஃப்ஆர் பதிவு ஆகிய நான்கும் எல்லா உற்பத்தி ஜேவிஎம்களிலும் இருக்கலாம். அவற்றின் சுமை பொருட்படுத்தத் தக்கதல்ல. என்எம்டி அப்படியல்ல. ஒரே சேவை பல இன்ஸ்டன்ஸ்களாக ஓடும் இடத்தில், ஒன்றில் மட்டும் அதைச் சுருக்க நிலையில் இயக்கி வைத்து, ஆர்எஸ்எஸ் ஏறத் தொடங்கும் நாளில் அந்த ஒன்றிடம் மட்டும் கணக்குக் கேட்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.